இதயத்தின் கதவில் படியும் சுண்ணாம்பு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி, இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற சிறப்பு அமர்வில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. ஜமாஅத்தார்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே எழுத்து வடிவில் வெளியிடப்படுகிறது.)

எல்லாப் புகழும் இறைவனுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு, வரவு செலவுக் கணக்கும் ஒப்புதல் பெற்றுவிட்ட இந்த நேரத்தில், வழக்கமாக நான் ஒழுக்கம் பற்றியோ கல்வி பற்றியோ சில வார்த்தைகள் கூறுவது உண்டு. இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். மத்ரஸாவில் ஓதிய இவருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நான் மருத்துவன் அல்லன். ஆனால் என்னிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு உரிய நேரத்தில் நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஒரு பெரியவரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின், முதல் ஸஃப்பில் தவறாமல் நிற்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். பத்து எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். "ஹஜ்ரத், எனக்கு இதயத்தில் வால்வு சுண்ணாம்பு கட்டிப் போயிற்றாம். மாற்ற வேண்டும் என்கிறார்கள். அது பன்றியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். நான் அதை வைத்துக்கொண்டு தொழலாமா?" என்று கேட்டார்.

"கிதாபு பார்த்துச் சொல்கிறேன் பாய்" என்றேன். சொன்னது உண்மை, பார்க்கவும் செய்தேன். ஆனால் அந்த வாரம் ஒரு நிகாஹ், அடுத்த வாரம் மத்ரஸா தேர்வு, அதற்கடுத்து வெளியூர் மஜ்லிஸ் என்று நாட்கள் ஓடின. அவரும் இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்பட்டார். என் பதில் வரட்டும் என்று மருத்துவமனைக்குச் செல்லும் நாளையும் தள்ளிப் போட்டார். இதை அவருடைய மகன் பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். நான் பதிலோடு அவர் வீட்டுக்குச் சென்ற காலையில் வாசலில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. அன்று மாலை அவருக்கு ஜனாஸாத் தொழுகை வைத்ததும் நான்தான்.

அஜல் இறைவன் கையில் உள்ளது; அதை ஒரு விநாடி முந்தவோ பிந்தவோ யாராலும் இயலாது. அது என் ஈமான். ஆனால் ஒரு மனிதர் சிகிச்சைக்குச் செல்லாமல் காத்திருந்ததற்கு என் சோம்பல் காரணமாயிற்று என்ற கேள்வி என் கணக்கில் இருக்கிறது. அதன் பிறகு, அறிமுகமான ஓர் இதய அறுவை மருத்துவரிடம் சென்று, ஒரு மாணவனைப் போல் அமர்ந்து கேட்டேன். அவர் காகிதத்தில் படம் வரைந்து விளக்கியவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நான்கு கதவுகள்

இதயம் நம் கைமுஷ்டி அளவுள்ள ஒரு தசை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை சுருங்கி விரிகிறது. அதற்கு மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். ரத்தம் போன வழியே திரும்பி வராமல் இருக்க நான்கு கதவுகள். இவற்றையே வால்வு என்கிறோம். நம் பேச்சுக்கு இரண்டு கதவுகளை நினைவில் வைத்தால் போதும். இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. இடக் கீழறையிலிருந்து உடல் முழுமைக்கும் ரத்தம் புறப்படும் வாசலில் இருப்பது அயோர்டிக் வால்வு.

இங்கே ஒரு செய்தியை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். இதயத்தின் வலப்பக்க ரத்தம் நடுச் சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இடப்பக்கம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதியதை உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. அப்படித் துளை எதுவும் இல்லை, ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் இடப்பக்கம் வருகிறது என்று 1242ஆம் ஆண்டு எழுதியவர் இப்னு நஃபீஸ். டமாஸ்கஸில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் பணியாற்றி 1288இல் மறைந்தவர். அவர் மருத்துவர் மட்டுமல்லர். கெய்ரோவின் மத்ரஸாவில் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமும் கற்பித்தவர். ஃபிக்ஹும் மருத்துவமும் ஒரே நெஞ்சில் குடியிருந்த காலம் அது.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து, நாளடைவில் திறப்பு சுருங்கிப் போவதைக் கண்டிருக்கிறோம். அதைப் போன்றே வால்வின் மெல்லிய இதழ்களில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து படிகிறது. பட்டுத் துணி போல் அசைய வேண்டிய இதழ் ஓட்டாஞ்சில்லு போல் விறைத்துப் போகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு அயோர்டிக் வால்வின் திறப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அது 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கினால் கடுமையான நோய் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதால் இது வருகிறது, பாலும் கேழ்வரகும் சாப்பிடுவதால் வருகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அவ்வாறு அன்று. குழாயில் உப்புப் படிவது தானாக நிகழ்வது. வால்வில் நிகழ்வதோ உயிருள்ள திசுவின் நோய். முதுமை, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகைப்பழக்கம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை அதை விரைவுபடுத்துகின்றன. நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ அயோர்டிக் வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதிலாகப் பிறவியிலேயே இரண்டுதான் இருக்கும். அவர்களுக்குச் சற்று இளவயதிலேயே இது வந்துவிடுகிறது. நம் நாட்டில் இன்னொரு பெரிய காரணம் உண்டு. சிறுவயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல். அதைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும் மாத்திரையோ, லேகியமோ, கஷாயமோ இன்றுவரை இல்லை. கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் இதையும் நிறுத்துமா என்று பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். அவ்வாறான ஆய்வு ஒன்றின் முடிவு 2008இல் வெளிவந்தது. வால்வின் சுருக்கத்தை அந்த மருந்துகள் தடுக்கவில்லை. ஆகவே, "வால்வு அடைப்பை அறுவை இல்லாமல் கரைக்கிறோம்" என்று விளம்பரம் செய்வோரிடம் பணத்தையும் காலத்தையும் இழந்துவிடாதீர்கள். இந்த நோயில் காலம் பணத்தை விட விலை உயர்ந்தது. நடந்தால் மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, திடீர் மயக்கம் ஆகிய மூன்றும் அயோர்டிக் வால்வு சுருங்கியதன் அடையாளங்கள். இவை தோன்றிய பின்னும் வால்வைச் சீர்செய்யாமல் விட்டால் பெரும்பாலோருக்கு எஞ்சியிருப்பது 2 முதல் 5 ஆண்டுகளே என்பது மருத்துவ உலகம் நெடுநாளாகக் கண்ட அனுபவம்.

கத்தி எடுத்தவர்களின் வரலாறு

நம் புதுச்சேரிக்கும் பிரான்சுக்கும் உள்ள உறவை நான் சொல்லத் தேவையில்லை. இந்தச் சபையில் உள்ள பலரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கிறார்கள். இந்த நோயின் சிகிச்சை வரலாற்றிலும் பிரெஞ்சு மருத்துவர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

1912இல் பாரிஸில் தியோடர் டுஃபியே என்பவர், சுருங்கிய அயோர்டிக் வால்வை, தமனியின் சுவரோடு சேர்த்துத் தம் விரலால் அழுத்தி விரிக்க முயன்றார். இதயத்தைத் திறக்க முடியாத காலம் அது. 1953இல் அமெரிக்காவின் ஜான் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு முதல் வெற்றிகரமான அறுவையைச் செய்த பிறகே, இதயத்தை நிறுத்தி, உலரச் செய்து, உள்ளே கண்ணால் பார்த்து வேலை செய்யும் வழி பிறந்தது. அந்த நேரத்தில் ரத்தத்தை உடலெங்கும் செலுத்துவது இயந்திரம். இதயமோ பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலால் ஓய்வில் வைக்கப்படுகிறது.

அன்றைய மருத்துவர்கள் அயோர்டிக் வால்வின் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். 1980களின் இறுதியில், ஒலியலையால் அதிரும் கருவியைக் கொண்டு சுண்ணாம்பை மட்டும் பொடித்து உறிஞ்சும் முறையும் வந்தது. அறுவை முடிந்ததும் இதழ்கள் அழகாக அசைந்தன. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் சில மாதங்களில் அந்த இதழ்கள் சுருங்கி, நடுவில் ஒழுகத் தொடங்கின. அயோர்டிக் வால்வுக்கு அந்த முறை கைவிடப்பட்டது. முதிர்ந்த வயதில் சுண்ணாம்பு கட்டிய அயோர்டிக் வால்வைப் பழுதுபார்ப்பதை விட மாற்றுவதே மேல் என்ற முடிவு இந்தத் தோல்விகளிலிருந்து வந்தது.

மைட்ரல் வால்வின் கதை வேறு. பாரிஸின் புரூசே மருத்துவமனையில் பணியாற்றிய அலென் கார்ப்பாந்தியே என்பவர், வால்வை வெட்டி எறியாமல் பழுதுபார்க்கும் கலையை ஒரு முறையான இயலாகவே வகுத்தார். 1983இல் அமெரிக்க மார்பு அறுவை மருத்துவர்களின் பேரவையில் அவர் ஆற்றிய உரைக்குப் "பிரெஞ்சுத் திருத்தம்" என்று பொருள்படும் தலைப்பை இட்டார். அந்தப் பெயரே இன்றளவும் நிலைத்துவிட்டது.

பழைய சுவரும் அதன் பூச்சும்

மைட்ரல் வால்வைச் சுற்றி ஒரு நார் வளையம் இருக்கிறது. கதவுக்கு நிலைச்சட்டம் போல. பலருக்கு இதழ்களை விட்டுவிட்டு இந்தச் சட்டத்தில்தான் சுண்ணாம்பு, குதிரை லாடம் போன்ற வடிவில், கல்லாகக் கட்டிவிடுகிறது. சிலருக்கு அது இதயத் தசைக்குள்ளும் வேர் விடுகிறது. கல்லில் ஊசி நுழையாது, தையல் நிற்காது. இதுவே அறுவை மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் நிலைகளில் ஒன்று.

என் மருத்துவ நண்பர் இதை நம் ஊர் உவமை கொண்டு விளக்கினார். "கடற்கரைப் பக்கத்து நூறு ஆண்டுப் பழைய வீட்டின் சுவரில் உப்பரித்த காரையைத் தட்டி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் எடுத்தால் புதுப் பூச்சு பிடிக்காது. ஆழமாகக் கொத்தினால் செங்கல்லே பெயர்ந்து வரும். இதயத்தில் அந்தச் செங்கல் பெயர்ந்தால் அதற்குப் பின்னால் உயிர் நிற்காது" என்றார். ஏனென்றால் அந்த வளையத்திற்கு வெளிப்புறம்தான் மேலறையும் கீழறையும் சந்திக்கும் பள்ளம் இருக்கிறது. இதயத்திற்கே ரத்தம் கொடுக்கும் தமனி ஒன்றும் அதன் வழியே ஓடுகிறது. அங்கே கிழிந்தால் ரத்தப் போக்கை நிறுத்துவது மிகக் கடினம்.

இதற்குக் கார்ப்பாந்தியே குழுவினர் 1996இல் வெளியிட்ட முறை இது. முதலில் பின்பக்க இதழை வளையத்திலிருந்து கவனமாக விடுவிக்கிறார்கள். சுண்ணாம்புக் கட்டியைச் சுற்றிப் பெரும்பாலும் ஒரு நார் உறை இருப்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். அந்த உறையை ஒட்டியே கத்தியைச் செலுத்தி, துண்டு துண்டாக உடைக்காமல், ஒரே கட்டியாக வெளியே எடுக்கிறார்கள். பின்னர் வெறுமையான இடத்தில் மேலறையையும் கீழறையையும் தையலால் இணைத்து வளையத்தைப் புதிதாக அமைக்கிறார்கள். விடுவித்த இதழை அதன் இடத்தில் மீண்டும் தைத்து, ஒரு செயற்கை வளையம் பொருத்தி வலுப்படுத்துகிறார்கள். கனடாவின் டொரண்டோவில் டிரோன் டேவிட் என்னும் அறுவை மருத்துவர், சுண்ணாம்பை எடுத்த இடத்தில் இதய உறையின் துண்டை ஒட்டுப் போட்டுத் தைத்து, அதன் மேல் வால்வை அமர்த்தும் முறையைக் கையாண்டார்.

எல்லோருக்கும் இவ்வளவு தூரம் செல்லக் கூடாது என்போரும் உண்டு. முதியவர், உடல் மெலிந்தவர் என்றால் சுண்ணாம்பைத் தொடாமல், அதைச் சுற்றி எங்கே ஊசி நுழையுமோ அங்கே தைத்து முடிப்பார்கள். அல்லது ஊசி நுழையும் அளவுக்கு மட்டும் செதுக்குவார்கள். எவ்வளவு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று அறிவதில்தான் தேர்ச்சி இருக்கிறது. ஒரு சிறு சுண்ணாம்புத் துகள் தவறி ரத்தத்தோடு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அதனால் துகள்களை உறிஞ்சியும், மீண்டும் மீண்டும் நீரால் அலசியும் எடுக்கிறார்கள்.

ருமாட்டிக் நோயில் இதழ்களின் ஓரங்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டு இளகியதாக இருந்தால் தொடை வழியாகச் செலுத்தும் பலூனைக் கொண்டு பிரித்துவிடலாம். ஜப்பானின் கான்ஜி இனோவே 1980களில் கொண்டுவந்த இந்த முறையால் நம் நாட்டில் ஏராளமான ஏழைப் பெண்கள் மார்பைத் திறக்காமலேயே நலம் பெற்றிருக்கிறார்கள். ஆனால் ஒட்டிய மூலைகளில் சுண்ணாம்பு கனமாக இருந்தால் பலூன் தவறான இடத்தில் கிழித்துவிடக்கூடும். அப்போது அறுவைதான் வழி. ஒட்டைக் கத்தியால் பிரித்து, தடித்த இதழை மெல்ல உரித்து மென்மையாக்கி, சுண்ணாம்பு முடிச்சுகளை அகற்றி, தேவையான இடத்தில் நோயாளியின் சொந்த இதய உறையால் ஒட்டுப் போடுகிறார்கள். இயலாதபோது வால்வை மாற்றுகிறார்கள்.

கதவையே மாற்றுதல்

1960இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும், கூண்டுக்குள் பந்து உருளும் செயற்கை வால்வை மைட்ரல் இடத்தில் பொருத்தி வெற்றி கண்டார்கள். ஆனால் வெளிநாட்டு வால்வின் விலை நம் ஏழைகளுக்கு எட்டாக் கனியாக இருந்தது.

இதைக் கண்டு வருந்திய மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் பொறியாளர்களைக் கூட்டி உள்நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்க முனைந்தார். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றில் பற்று விட்டது, ஒன்றில் தேய்மானம் மிகுந்தது, ஒன்றில் தட்டே உடைந்தது. நான்காவது மாதிரி நிலைத்தது. உறுதியான உலோகக் கலவையால் ஆன சட்டத்தில், மிக அடர்த்தியான பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து திறந்து மூடும். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்றுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தச் சித்ரா வால்வைப் பெற்றிருக்கிறார்கள். வலியத்தான் அவர்கள் 2024 ஜூலையில் மறைந்தார். மூன்று முறை தோற்றும் முயற்சியைக் கைவிடாத ஒருவரின் பொறுமையால் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மார்பைத் திறக்கவே இயலாத முதியவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. 2002 ஏப்ரல் 16ஆம் நாள் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே என்பவர், மடித்து வைத்த வால்வு ஒன்றைத் தொடை வழியாகச் செலுத்தி, பழைய அயோர்டிக் வால்வுக்குள்ளேயே விரித்து வைத்தார். வியப்பு என்னவெனில், இந்த முறையில் சுண்ணாம்பை எடுப்பதே இல்லை. புதிய வால்வு நழுவாமல் நிற்க அந்தச் சுண்ணாம்பே பிடிமானம் ஆகிறது. அது அளவுக்கு மிஞ்சினால் ஓரத்தில் ஒழுக்கும், அரிதாகக் கிழிசலும் ஏற்படலாம். இன்று நம் நாட்டிலேயே குஜராத்தில் இத்தகைய வால்வு தயாராகிறது. கிரிபியே 2024இல் காலமானார்.

அந்தப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். வால்வுகள் இரு வகை. ஒன்று உலோகம், கார்பன் முதலியவற்றால் ஆனது. மற்றொன்று திசுவால் ஆனது. திசு வால்வுகளில் சில பன்றியின் வால்விலிருந்தோ அதன் இதய உறையிலிருந்தோ செய்யப்படுகின்றன. வேறு பல, மாட்டின் இதய உறையால் செய்யப்படுகின்றன. ஆகவே "வால்வு என்றாலே பன்றி" என்பது அறியாமை. அறுவைக்கு முன் மருத்துவரிடம், "எங்கள் மார்க்கத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு, வேறு வகை எனக்குப் பொருந்துமா?" என்று கேளுங்கள். நான் சந்தித்த மருத்துவர்கள் எவரும் இக்கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு வழி இல்லை, அதுவே உயிர் காக்கும் என்ற நிலை வந்தால்? நிர்ப்பந்தத்திற்கு உள்ளானவரை இறைவன் குற்றம் பிடிப்பதில்லை என்பது திருக்குர்ஆன் காட்டும் வழி. உடைந்த எலும்பைச் சேர்க்கத் தூய எலும்பு கிடைக்காதபோது நஜீஸான எலும்பைக் கொண்டு சேர்த்தவர் மன்னிக்கப்பட்டவர், அவருடைய தொழுகை கூடும் என்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசியிருக்கின்றன. பதில் அங்கேயே இருந்தது. நான்தான் நேரத்தில் எடுத்துச் செல்லவில்லை. எந்தச் சகோதரரும் சகோதரியும் இந்த ஐயத்தால் இனி ஒரு நாள் கூடச் சிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டாம். நள்ளிரவானாலும் என்னைக் கூப்பிடுங்கள்.

அறுவைக்குப் பின்

உலோக வால்வு நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் மேல் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுதும் மாத்திரை உண்டு. குறித்த நாளில் ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஒரு வேளை கூடத் தவறக் கூடாது. கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் அள்ளி உண்டு மறு வாரம் விட்டுவிடாமல், ஒரே அளவாக உண்ண வேண்டும். நாட்டு மருந்தோ வலி மாத்திரையோ மருத்துவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. திசு வால்வுக்குப் பெரும்பாலும் இந்த மாத்திரை சில மாதங்களே தேவைப்படும். ஆனால் அது 10, 15 ஆண்டுகளில் பழுதாகலாம். இளையோரின் உடலில் அதிலும் சுண்ணாம்பு விரைவாகப் படிகிறது. சொந்த வால்வைப் பழுதுபார்க்க முடிந்தால் அதுவே சிறந்தது என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இதில் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மாத்திரை கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். மணமாகாத அல்லது குழந்தை வேண்டும் பெண்ணுக்கு வால்வு அறுவை என்றால், இதை முன்கூட்டியே மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். நோயை மறைத்து நிகாஹ் பேசாதீர்கள். அது அந்தப் பெண்ணின் உயிரோடு விளையாடுவதாகும்.

மார்பெலும்பு கூடும் வரை, ஏறத்தாழ மூன்று மாதம், கைகளை ஊன்றி ஸஜ்தா செய்ய வேண்டாம். நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழுதால் போதும். "நான் முழுமையாகத் தொழுவேன்" என்று வீம்பு பிடிப்பது தக்வா ஆகாது. ரமளான் நோன்பை மருத்துவரின் சொல்லுக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். குறிப்பாக, அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கு உடலில் நீர் வற்றினால் மயக்கம் வரலாம். பல் பிடுங்கும் முன், செயற்கை வால்வு உள்ளதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் குடியேறிவிடும். அதைத் தடுக்க முன்கூட்டியே மருந்து தருவார்கள். மிஸ்வாக்கின் சுன்னத்தை விடாமல் பேணுவோருக்கு இதிலும் பயன் உண்டு.

பிள்ளைகளின் தொண்டை வலி

இறுதியாக, இதை எல்லாவற்றையும் விட எளிதான ஒன்று. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வகைக் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணை அலட்சியமாக விட்டால், சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மூட்டு வீங்கி வலிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. மூட்டு வலி போய்விடும். ஆனால் இதய வால்வில் தழும்பு விட்டுச் செல்லும். இருபது ஆண்டு கழித்து அந்தத் தழும்பில்தான் சுண்ணாம்பு படிகிறது. தொண்டைப் புண்ணுக்கு உரிய பென்சிலின் மருந்து விலை குறைந்தது. ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 3 வாரத்திற்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, மருத்துவர் சொல்லும் ஆண்டு வரை தொடர்ந்து போட வேண்டும். "பிள்ளை நன்றாகத்தானே ஓடுகிறான்" என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம். பெரிய அறுவைக்கு விதை போடுவது அங்கேதான். மக்தப் மத்ரஸாவின் உஸ்தாதுகளிடமும் சொல்லியிருக்கிறேன்: காய்ச்சலும் தொண்டை வலியுமாக வரும் பிள்ளையைப் பாடத்தில் உட்கார வைக்காமல் பெற்றோருக்குத் தகவல் சொல்லுங்கள்.

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! நம் ஊரில் 1823இல் பிரெஞ்சு ஆட்சியாளர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வளர்ந்ததுதான் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். இதய நோய்க்கும் இதய அறுவைக்கும் தனித் துறைகள் கொண்ட மத்திய அரசு நிறுவனம் நம் வாசலிலேயே இருக்கிறது. தொலைவிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்து மக்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். நாமோ முல்லா வீதியிலிருந்து ஆட்டோவில் செல்லும் தூரத்தை "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம்.

நிர்வாகத்திற்கு என் வேண்டுகோள் மூன்று. நம் பைத்துல்மால் நிதியில் மருத்துவ உதவிக்கென ஒரு பகுதியைத் தனியே ஒதுக்குங்கள். இதய அறுவைக்கு ரத்தம் தேவைப்படும். நம் இளைஞர்களின் ரத்தப் பிரிவுகளைக் குறித்து ஒரு பதிவேடு வையுங்கள். படிக்கத் தெரியாத முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மருத்துவர் சொல்வதைக் கேட்டு, வீட்டாருக்கு விளக்கிச் சொல்ல நாலு பேரை நியமியுங்கள். அந்த நாலு பேரில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரின் மகன் இன்று இந்தச் சபையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதி பெற்றே இதைச் சொன்னேன். "அத்தா உங்கள் மேல் வருத்தப்படவில்லை ஹஜ்ரத்" என்று அவர் சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. இறைவன் அந்தப் பெரியவரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் கைகளுக்கு நிதானத்தையும், நம்மிடம் கேள்வியோடு வருபவருக்குத் தாமதமின்றிப் பதில் சொல்லும் பொறுப்புணர்வை எனக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.